வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு நிலைவாரித் தமிழ்ப் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அட்டை ஓரத்தில் ‘நிலை 1’ என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்துக்கு ஒரே வரி, பெரிய படம். நம்பிக்கையோடு வாங்கிக் குழந்தையின் கையில் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே திணறுகிறது. வரி இப்படி இருக்கலாம்: “பூனை மேசைமேல் தூங்கியது.” மூன்றே சொற்கள்தான். ஆனால் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பாருங்கள்: பூ, னை, மே, சை, மே, ல், தூ, ங், கி, ய, து. மொத்தம் 11 எழுத்து. இதில் குறியோ புள்ளியோ இல்லாமல் நிற்பது ‘ய’ ஒன்றுதான். ஊகாரம் இரண்டு இடத்தில் வருகிறது, ‘பூ’வில் ஒரு வடிவம், ‘தூ’வில் வேறு வடிவம். ஐகாரம், ஏகாரம், இகரம், உகரம் எல்லாம் அந்த ஒரே வரிக்குள் வந்துவிட்டன.

இன்னொரு பக்கம்: “அம்மா வா. படம் பார். ஆகா, மலர்! ஆகா, பழம்!” எட்டுச் சொற்கள், மேலே உள்ளதைவிட நீளம். ஆனால் புள்ளியும் துணைக்காலும் தெரிந்த குழந்தை இதைத் தானே வாசித்துவிடும். சொல் எண்ணிக்கையை வைத்து நிலை பிரிப்பவருக்கு முதல் வரி எளிது, இரண்டாவது கடினம். வாசிக்கும் குழந்தைக்கு நேர் எதிர். தமிழில் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

நிலை எண் எதைச் சொல்கிறது

நிலை எண் பொய்யில்லை. அது அளப்பது வேறொன்றை. குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையக் கதைத் தளத்தில் நான்கு நிலைகள் உள்ளன: முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கும் மேல். எளிய சொல், திரும்பத் திரும்ப வரும் சொல், வாக்கிய நீளம் ஆகியவையும் கணக்கில் வரும். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று பிரிந்திருக்கின்றன. அதே அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று. இவையெல்லாம் நூற்றுக்கணக்கான புத்தகங்களிலிருந்து பத்தைப் பிரித்தெடுக்க உதவும். அந்தப் பத்தில் எது இந்தக் குழந்தைக்கு என்பதை எந்த எண்ணும் சொல்லாது. ஒரு பதிப்பகத்தின் நிலை 2 இன்னொன்றின் நிலை 2 ஆகவும் இருக்காது.

மொழிபெயர்ப்புப் புத்தகத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ‘கேட்’ (cat) என்பது மூன்று எழுத்து, முதல் மாதத்திலேயே வாசிக்கக்கூடிய சொல். தமிழில் அது ‘பூனை’ ஆகிவிடுகிறது. அங்கே ஓரசைச் சொற்களை எதுகை போல அடுக்கி எழுதிய கதை இங்கே வரும்போது அந்த அடுக்கும் போய்விடும், எளிமையும் போய்விடும். நிலை எண் மட்டும் அட்டையில் அப்படியே தங்கிவிடும். ‘ஓடுகிறான்’ என்று முடித்திருக்கலாம், ஆனால் மூலத்துக்கு விசுவாசமாக ‘ஓடிக்கொண்டிருக்கிறான்’ என்று எழுதியிருப்பார்கள். ஆகவே மொழிபெயர்ப்பு நூல் என்றால் அட்டையை நம்பாமல் உள்ளே வாசித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

தமிழ் எழுத்தில் எது எளிது, எது தடுக்கும்

247 எழுத்து என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். வாசிப்பைப் பொறுத்தவரை அது அவ்வளவு பெரிய எண்ணிக்கை இல்லை. 12 உயிர், 18 மெய், மெய்யோடு சேரும் குறிகள், இவைதான் அடிப்படை. குறிகளில் பெரும்பாலானவை எல்லா மெய்க்கும் ஒரே மாதிரி ஒட்டும். ‘கா’ தெரிந்தவருக்கு ‘மா’வும் தெரியும். ங வரிசை நடைமுறைச் சொற்களில் ‘ங்’ தவிர ஏறக்குறைய வருவதே இல்லை. ஞ வரிசையிலும் சில எழுத்துகள்தான்.

உண்மையில் தடுப்பவை சில. வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு எந்த வரிசையில் அவை வந்தால் நல்லது என்று இங்கே சொல்கிறோம். பள்ளிகள் சொல்லித்தரும் வரிசை மாறுபடலாம். அப்போது பள்ளி வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு வரிசையில் இழுக்க வேண்டாம்.

முதலில் அகர எழுத்துகளும் புள்ளியும் துணைக்காலும். இவற்றை மட்டும் வைத்தே நிறையச் சொற்கள் கிடைக்கும்: மரம், பால், பாட்டா, நாய், கல், வாகனம். அடுத்து இகரமும் ஈகாரமும். ‘கி’க்கும் ‘கீ’க்கும் வேறுபாடு ஒரு சிறு சுழிதான். ஆனாலும் குறி மெய்யின் தலைமேல் அல்லது வலப்பக்கம் இருப்பதால் கண் இடமிருந்து வலமாகப் போகும் பழக்கம் கெடாது.

உகரம், ஊகாரத்தில் அந்த ஒழுங்கு உடைகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளையும். சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு கீழே இறங்கும். து, நு, ணு, லு, னு, று இன்னொரு விதமாக வலப்பக்கம் சுழித்து ஏறும். ‘கூ’வும் ‘சூ’வும் எதிலும் சேராமல் தனியாக நிற்கும். ஒரு குறியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ள முடியாத இடம் இது. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 எழுத்துகளை ஏறக்குறைய தனித்தனியாகத்தான் பழக வேண்டும். உகரத்தைத் தவிர்த்தும் நெடுநாள் ஓட்ட முடியாது. ‘வந்தது’, ‘ஒரு’, ‘இது’, ‘வீடு’, ‘கண்டு’ என்று தமிழ்ச் சொல்லின் கடைசியில் அது வந்துகொண்டே இருக்கும். எனவே இந்தக் கட்டத்தில் குழந்தை மற்றதைவிட அதிக நாள் நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே நிலையில் இன்னும் நாலைந்து புத்தகம் சேர்த்துக் கொடுங்கள்.

பிறகு கொம்புகள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரத்தின் இணைக்கொம்பும் மெய்க்கு இடப்பக்கம் நிற்கும், ஒலியோ மெய்க்குப் பின்னால் வரும். முதலில் பார்ப்பதைப் பிறகு ஒலிக்க வேண்டும். ஒகரத்திலும் ஓகாரத்திலும் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும். ‘கோ’வைக் ‘கேர’ என்று வாசிக்கும் குழந்தை கவனமில்லாமல் வாசிக்கவில்லை. கொம்பையும் ‘க’வையும் சேர்த்து முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தவறு வந்தால் ஓகாரம் நிறைய வரும் புத்தகத்தை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.

ஔகாரத்துக்காக மெனக்கெட வேண்டாம், வரும் சொற்கள் மிகக் குறைவு. அடுத்துப் பெரிய தடை மெய் மூன்று அடுக்கி வருவது: ‘பார்த்தான்’, ‘வாழ்ந்தாள்’, ‘காய்ச்சல்’. ‘ர்த்தா’வில் இரண்டு புள்ளி எழுத்தைத் தாண்டிப் போக வேண்டும், இடையில் உயிரைச் சேர்த்துப் ‘பாருத்தான்’ என்பார்கள். ‘காற்று’, ‘கன்று’ போன்றவற்றில் ற்ற, ன்ற ஒலி தனி. கடைசியாக ஃ, அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ. கதை நாயகன் பெயரில் மட்டும் ஒரு ‘ஜ’ இருக்கிறது என்பதற்காக நல்ல புத்தகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். வாசிக்கும் முன் அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டால் போதும்.

இவற்றோடு சொல் நீளம். ‘ஓடிக்கொண்டிருந்தார்கள்’ ஒரு சொல், 12 எழுத்து. குழந்தை ஏழாவது எழுத்துக்கு வரும்போது தொடக்கம் மனத்திலிருந்து நழுவியிருக்கும். அப்புறம் திரும்பத் தொடங்கும், மறுபடி நழுவும். எழுத்து எல்லாம் தெரிந்தும் ‘வாசிக்கத் தெரியவில்லை’ என்று பெயர் வாங்கும் குழந்தைகள் பலர் சிக்குவது இங்கேதான். முதல் இரண்டு நிலைகளில் ஆறு எழுத்தைத் தாண்டாத சொற்களே பெரும்பாலும் இருக்கும் புத்தகமாகப் பாருங்கள்.

முதலில் குழந்தையின் பட்டியல்

புத்தகத்தைத் தொடுவதற்கு முன் 10 நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். ஒரு தாளில் க, ப, ம, த, ல ஆகிய ஐந்து மெய்களோடு எல்லாக் குறிகளையும் கலைத்து எழுதுங்கள்: பி, மோ, தூ, க், லை, பெ, மு, கா, தே, லீ என்று, அகர வரிசை எங்கும் வராதபடி. வரிசை முக்கியம், ஏன் என்றால் ‘க கா கி கீ’யைப் பாட்டாகச் சொல்லும் குழந்தைக்கு நடுவில் ‘கெ’யைக் காட்டினால், ‘க’விலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்து ‘கெ’யில் நிற்கும். சரியான விடைதான், ஆனால் அது வாசிப்பு இல்லை. கதையின் நடுவில் எண்ணிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. காட்டியவுடன் சொன்னதை மட்டும் ‘தெரியும்’ என்று குறியுங்கள். யோசித்துச் சொன்னதற்குப் பாதிக் குறி. தெரியாததற்கு எதுவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம்.

பிறகு பொருளில்லாத நாலைந்து சொற்கள்: டமி, பாலெ, தூமக், கோபல். பொருள் இல்லாததால் ஊகித்துத் தப்ப முடியாது. எழுத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். எழுத்து தனித்தனியாகத் தெரிந்து, இவற்றைக் கூட்ட முடியாவிட்டால் தேவைப்படுவது கதைப் புத்தகம் இல்லை. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் கொண்ட படப் புத்தகம்.

ந, ன, ண வேறுபாட்டையும் ல, ள, ழ வேறுபாட்டையும் உச்சரிப்பில் சோதிக்காதீர்கள். பேச்சில் பல வீடுகளில் அந்த வேறுபாடு முழுதாக இல்லை. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று சொல்லிப் பழத்தைக் காட்டினால், குழந்தை சரியாக வாசித்துவிட்டது.

புத்தகத்தைத் திறந்து பார்ப்பது

பட்டியல் கையில் இருக்கட்டும். புத்தகத்தின் முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அது மற்றவற்றைவிட எளிதாக இருக்கும். நடுவிலும் கடைசியிலுமாக மூன்று பக்கம் பாருங்கள். குழந்தைக்குத் தெரியாத குறிகள் வரும் சொற்களைப் பென்சில் முனையால் தொட்டு எண்ணுங்கள். இருபது சொல்லுக்கு ஒன்று வந்தால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு என்றால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய புத்தகம். அதற்கு மேல் போனால் இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டும் புத்தகம். புதிதாகக் கற்ற குறி ஒன்று அடிக்கடி வந்தால் அது மிக நல்ல புத்தகம். ‘மீன்’, ‘நீர்’, ‘தீனி’ என்று ஈகாரமாக வரும் கதையை ஈகாரம் கற்ற வாரத்தில் கொடுத்தால் அது கையோடு படிந்துவிடும்.

அடுத்து அச்சு. இதை ஏனோ பலரும் பார்ப்பதில்லை. தமிழ் எழுத்துகளில் வேறுபாடுகள் நுணுக்கமானவை: எ, ஏ இரண்டுக்கும் நடுவே கீழே ஒரு சாய்கோடு, ஒ, ஓவுக்கு ஒரு சிறு சுழி, கெ, கே இரண்டுக்கும் கொம்பில் ஒரு வளைவு. எழுத்து சிறிதாக இருந்தாலும் அலங்கார எழுத்துருவாக இருந்தாலும் முதலில் மறைவது இந்த நுணுக்கங்கள்தான். ‘பார்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பல எழுத்துருக்களில் ‘ர்’ எழுத்துக்கு அடிக்கோடு இருக்காது, அதனால் முன்னால் நிற்கும் துணைக்காலும் ‘ர்’ எழுத்தும் புள்ளி தவிர ஒரே மாதிரி தெரியும். புள்ளி தடித்து, தெளிவாக இருந்தால் பரவாயில்லை. மங்கியிருந்தால் அந்தப் புத்தகம் தொடக்க நிலைக்கு வேண்டாம். ‘ப’வின் உயரம் நாலைந்து மில்லிமீட்டராவது இருப்பது நல்லது.

வரி முடியும் இடத்தைப் பாருங்கள். தமிழ் அச்சில் நீளமான சொல்லை இணைப்புக் கோடுகூடப் போடாமல் பாதியில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளும் வழக்கம் உண்டு. ‘வந்தார்’ என்று ஒரு வரி முடிந்து, ‘கள்’ என்று அடுத்த வரி தொடங்கினால் குழந்தை இரண்டு சொல்லாகத்தான் வாசிக்கும். வாக்கியமும் சொற்றொடர் முடியும் இடத்தில் மடிந்தால் நல்லது. “நரி மெல்ல / குகைக்குள் போனது” என்று பிரிந்த வரி மூச்சுக்கும் பொருளுக்கும் உதவும். படத்தின் மேல் எழுத்து ஓடும் பக்கங்கள், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஆகியவை மூன்றாம் நிலைக்குப் பிறகு இருக்கட்டும்.

வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்களைக் கொடுப்பதாக இருந்தால் அச்சான ஆண்டைக் கவனியுங்கள். 1978இல்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகிய 13 எழுத்துகளும் வேறு வடிவத்தில் இருக்கும். நீங்கள் சரளமாக வாசித்துவிடுவதால் அது உங்கள் கண்ணில் படாது. குழந்தை ‘யானை’யில் முட்டி நிற்கும்.

பேச்சும் எழுத்தும்

வீட்டில் ‘எல’ என்று பேசும் குழந்தை புத்தகத்தில் ‘இலை’ பார்க்கிறது. ‘போறான்’ என்பது ‘போகிறான்’ ஆகிவிடுகிறது. கூட்டி வாசித்து ‘போ-கி-றா-ன்’ என்று சொன்ன பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று சட்டென்று பிடிபடாது. அதனால் முதல் புத்தகங்களில் பேச்சும் எழுத்தும் ஒன்றாக இருக்கும் சொற்கள் அதிகம் இருக்கட்டும்: அம்மா, பால், காகம், மாடு, ஓடு, வா. வினைமுற்று முடிவுகளில்தான் பேச்சிலிருந்து அதிகம் விலகுகிறோம் என்பதால், ‘வா’, ‘பார்’, ‘ஓடு’, ‘கொடு’ என்று ஏவல் வாக்கியங்களால் ஆன கதைகள் தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றவை.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதிய புத்தகங்கள் நிறைய வருகின்றன. அவற்றை வேண்டாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல என்பது எங்கள் கருத்து. ‘வந்துட்டேன்’ என்று அச்சில் பார்க்கும்போது குழந்தைக்கு வரும் மகிழ்ச்சி பெரியது, பொருளும் உடனே புரியும். ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் வட்டாரப் பேச்சுக்கு அது எவ்வளவு நெருக்கம்? வேறு வட்டார வழக்கில் எழுதியிருந்தால் குழந்தைக்கு அது எழுத்துத் தமிழும் இல்லை, தெரிந்த பேச்சும் இல்லை.

வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் குழந்தைக்குக் கணக்கு வேறு. ‘பகல்’, ‘தங்கம்’, ‘அக்கா’ மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலியோ மூன்று. சொல் ஏற்கெனவே காதில் இருந்தால் சரியான ஒலி தானாக வந்துவிடும், இல்லாவிட்டால் வராது. எழுத்து அறிவு என்ன சொன்னாலும் ஒரு நிலை கீழே இருந்து எடுங்கள். முதலில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அடுத்த நாள் குழந்தை வாசிக்கட்டும்.

வாசிக்க வைத்துச் சரிபார்ப்பது

ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரல் மடக்கச் சொல்லி, ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் கடினம் என்று சொல்லும் முறை பரவலாக இருக்கிறது. பக்கத்துக்கு நூறு சொல் இருக்கும் புத்தகத்துக்கு அது பொருந்தும். பக்கத்துக்கு எட்டுச் சொல் இருக்கும் புத்தகத்தில் ஐந்து தெரியவில்லை என்றால் அங்கே வாசிப்பே நடக்கவில்லை.

தொடக்க நிலைக்கு 60 சொல் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை பக்கமானாலும் சரி. குழந்தை வாசிக்கட்டும், நீங்கள் தனித் தாளில் சரிக்கு ஒரு கோடு, தவறுக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். மூன்று வட்டம் வரை என்றால் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் சரி, பழகுவதற்கான புத்தகம் இதுதான். நாலிலிருந்து ஆறு வரை என்றால் துணையோடு வாசிக்கலாம். ஆறைத் தாண்டினால் மூடி வையுங்கள். இந்த 95, 90 என்ற எல்லைகள் 1946இல் எம்மெட் பெட்ஸ் என்ற அமெரிக்க வாசிப்புக் கல்வியாளர் ஆங்கில வாசிப்புக்கு வகுத்தவை. தமிழுக்கும் தொடக்கப் புள்ளியாக உதவும். ஆனால் தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் எதைத் தவறென்று எண்ணுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

‘போகிறான்’ என்பதைப் ‘போறான்’ என்று வாசித்தால் தவறில்லை. தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டால் தவறில்லை, அது மிக நல்ல அறிகுறி. ‘மரத்தில்’ என்பதை ‘மரத்தின்’ என்று படித்து, வாக்கியம் பொருளிழந்தும் கவனிக்காமல் போனால் தவறு. ‘கிளி’யைப் படத்தைப் பார்த்துப் ‘பறவை’ என்று சொன்னால் தவறு, பொருள் நெருக்கமாக இருந்தாலும்கூட. ஏன் என்றால் கண் எழுத்தில் இல்லை. தடுமாறும்போது உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் சொல் வந்து சேரும்.

வட்டங்கள் எங்கே விழுந்தன என்று பார்த்தால் எண்ணிக்கையைவிட அதிகம் தெரியும். எல்லாம் கொம்பு எழுத்திலேயே விழுந்திருந்தால் நிலையைக் குறைக்க வேண்டியதில்லை, கொம்பு எழுத்தை மட்டும் நாலு நாள் பழக்கிவிட்டு அதே புத்தகத்துக்குத் திரும்புங்கள். எல்லாம் நீளச் சொல்லில் விழுந்திருந்தால் ‘ஓடிக் / கொண்டு / இருந்தார் / கள்’ என்று பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுங்கள். பரவலாகச் சிதறியிருந்தால்தான் புத்தகம் மேல்நிலை என்று பொருள்.

ஒரு தவறும் இல்லாமல் வாசித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கும் குழந்தையும் உண்டு. தமிழ் எழுத்து ஒலியோடு நெருக்கமாக இருப்பதால் பொருள் புரியாமலே கடகடவென்று வாசித்துவிட முடியும். எனவே வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரு ‘ஏன்’ கேள்வி: நரி ஏன் திரும்பிப் போச்சு? சொல்லத் தெரியாவிட்டால் நிலையை ஏற்ற வேண்டாம், எழுத்தில் எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும்.

இன்னொரு பக்கம், ‘இது என்ன? இது பந்து. இது என்ன? இது பூ’ என்று ஒரே அமைப்பில் போகும் புத்தகங்கள். மூன்றாம் பக்கத்திலிருந்து குழந்தை வாசிப்பதில்லை, படத்தைப் பார்த்துச் சொல்கிறது. புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்பும் பழக்கத்துக்கும், ‘நான் வாசிச்சுட்டேன்’ என்ற துணிவுக்கும் இவை உதவும். வாசிக்கத் தெரிந்துவிட்டதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ஐயம் வந்தால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியைப் பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பத்து வயதில் முதல் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு

இவர்களுக்குப் புத்தகம் தேடுவதுதான் இருப்பதிலேயே கடினம். எழுத்து நிலை 1, மனம் நிலை 4. பஞ்சுமிட்டாய் நிறத்தில் முயல்குட்டி படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் வகுப்பில் வெளியே எடுக்கவே வெட்கப்படுவார்கள், அந்த வெட்கம் நியாயமானது. விலங்கு, வண்டி, விண்வெளி, விளையாட்டு பற்றிய தகவல் நூல்களில் புகைப்படங்களும் குறுஞ்செய்திகளும் இருக்கும். அவற்றில் ஒரு வரிக் குறிப்புகளை மட்டும் வாசித்தாலும் போதும். விடுகதை, நகைச்சுவைத் துணுக்கு, செய்முறைக் குறிப்பு ஆகியவையும் நல்லவை, ஏன் என்றால் ஒவ்வொன்றும் மூன்று வரிக்குள் முடிந்துவிடும், முடித்த நிறைவு கிடைக்கும். சித்திரக் கதை நல்ல யோசனை. ஆனால் குமிழுக்குள் கையெழுத்து மாதிரி சாய்ந்த எழுத்துரு இருந்தால் வேண்டாம்.

அட்டையில் இருக்கும் நிலை எண்ணை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிடுங்கள். நூலகத்திலும் வகுப்பிலும் பின்னட்டையின் உட்புறம் சிறு வண்ணப் பொட்டு வைத்தால் ஆசிரியருக்கு மட்டும் தெரியும். ‘நீ இன்னும் நிலை ஒன்றுதானே’ என்ற பேச்சு வகுப்பில் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த மூன்று மாதத்துக்கு அந்தக் குழந்தை தனக்குப் பொருந்தாத தடிப் புத்தகத்தைத்தான் எடுக்கும்.

கூடையில் என்ன இருக்க வேண்டும், எப்போது ஏற்றுவது

ஒரே நிலைப் புத்தகங்களால் கூடையை நிரப்பாதீர்கள். வாரத்துக்கு மெல்லிய பழகு புத்தகம் மூன்று அல்லது நான்கு போதும். மேலே சொன்ன 60 சொல் கணக்கில் மூன்று வட்டத்துக்குள் வந்தவை. ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் மூன்று முறை வாசிக்கட்டும். முதல்முறை எழுத்தோடு போராட்டம், இரண்டாம்முறை சொல் வசப்படும், மூன்றாவதில்தான் குரலில் ஏற்ற இறக்கம் வரும். அதோடு, எப்போதோ முடித்த எளிய புத்தகங்கள் நாலைந்து எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். ‘இதுதான் தெரியுமே’ என்று பிடுங்காதீர்கள், சரளம் அங்கேதான் விளைகிறது. மூன்றாவதாக, குழந்தையின் நிலையைவிட எவ்வளவோ மேலே இருக்கும் கதைப் புத்தகம் ஒன்று. அது நீங்கள் தினமும் வாசித்துக் காட்ட. எழுத்துத் தமிழின் சொற்களும் வாக்கிய ஓட்டமும் காதில் ஏறுவது அந்தப் புத்தகத்தால்தான். நிலை 1 புத்தகத்தால் அது நடக்காது, பாவம் அதற்கு அவ்வளவு சொற்கள் இல்லை.

நிலை ஏற்றுவதற்கு ஒரே புத்தகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இதுவரை பார்த்திராத மூன்று புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்து, மூன்றிலும் வட்டம் மூன்றுக்குள் நின்று, கதையும் சொல்லத் தெரிந்தால் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மூன்று நாளில் கொட்டாவி, தண்ணீர் தாகம், படத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் தொடங்கினால் பேசாமல் பழைய கூடையை முன்னால் வையுங்கள்.

தேடியும் பொருத்தமான புத்தகம் கிடைக்கவில்லை என்றால் செய்துகொள்ளலாம். ஸ்டோரிவீவர் கதைகளில் பெரும்பாலானவை திறந்த உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு, தடுக்கும் சொற்களை மாற்றி அச்சிட்டுக்கொள்ள முடியும்; ‘தூங்கியது’ இருக்கும் இடத்தில் ‘படுத்தது’ போடலாம், உகரம் தெரிந்த குழந்தையாக இருந்தால். இல்லாவிட்டால் ஏ4 தாள் இரண்டை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி முதுகில் இரண்டு தையல் போடுங்கள், எட்டுப் பக்கம் கிடைக்கும். அட்டைக்கு ஒன்று, கதைக்கு ஆறு, கடைசிப் பக்கத்தில் கதையில் வந்த புதுச் சொற்கள். பக்கத்துக்கு ஒரு வாக்கியம், நாலு சொல்லுக்கு மிகாமல், குழந்தையின் பட்டியலில் ‘தெரியும்’ என்று குறித்த எழுத்துகளை மட்டும் வைத்து எழுதுங்கள். புதுக் குறி ஒன்றே ஒன்று இருக்கலாம், அதுவும் குறைந்தது ஐந்து இடத்தில் வர வேண்டும். படத்தைக் குழந்தையே வரையட்டும். வரியை முதலில் எழுதிவிட்டு, வரைவதற்கு இடம் விட்டுக் கொடுங்கள், அப்போதுதான் என்ன வரைய வேண்டும் என்பதற்காகவே அந்த வரியை வாசிக்கும்.